பதினேழாம் கோபுரம்

சீர்காழியிலிருந்து வேனில் வந்த
பிளாஸ்டிக் நாற்காலிகள் நூற்றியிருபது.
உட்கார்ந்தவர்கள் முப்பதைத் தாண்டவில்லை.
திட்டுத்தெரு இருளர்கள் மண்டபத்துக்கு வெளியே
செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.
உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
என் வேலை எழுதுவது:
தாலுகா அலுவலகம், தட்டச்சர், மூன்றாம் நிலை.

திரையில் மாவட்டம் பச்சையாக விரிந்தது.
கடற்கரையில் புறப்பட்ட சிவப்புக் கோடு
கொள்ளிடத்தை ஒரே தாண்டாகத் தாண்டி
மேற்கே போய்க்கொண்டிருந்தது.
நானூறு கிலோவோல்ட்.
இரண்டாயிரத்து நாற்பத்தைந்தில் இந்த மாநிலம்
எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்று
இப்போதே கணக்குப் போட்டுவிட்டார்களாம்.
சொன்னவர் செயற்பொறியாளர் மெர்சி ஜெபமணி.
தெளிவான குரல். மைக்தான் அவ்வப்போது இருமியது.

நிலக்காரர்கள் கேட்டார்கள்:
சென்ட்டுக்கு என்ன விலை, தென்னைக்கு எவ்வளவு,
கம்பிக்கடியில் அறுவடை மிஷின் போகுமா.
எழுதினேன். அதற்கெல்லாம் கட்டம் இருந்தது.
பெயர். சர்வே எண். பட்டா எண்.
ஆட்சேபணை உண்டா, இல்லையா.

அப்போது வாசலில் நின்றபடியே
அஞ்சலாட்சி கையைத் தூக்கினாள்.
குறுவை அறுத்த வயலிலிருந்து நேராக வந்திருந்தாள்,
எலி வெட்டுகிற சின்ன மண்வெட்டியோடு.

"நாப்பத்தஞ்சு அப்பறம் வரட்டும்.
வர்ற மார்ச்சுல எம்பொண்ணுக்குப் பத்தாவது பரீட்சை.
பட்டா இல்லன்னு மீட்டர் இல்ல.
டீக்கடையில போனு சார்ஜ் போட அஞ்சு ரூவா."
அது இந்தக் கூட்டத்தின் பொருள் அல்ல
என்றார் தாசில்தார்.
நான் எழுதவில்லை.

"சரி. அந்தப் பதினேழு எங்க நிக்கிது?"

மெர்சி மேடம் லேசர் புள்ளியை வைத்தார்.
புள்ளி கொஞ்சம் நடுங்கி, நின்றது.

"அங்க எலி வளை போடாது."

மண்டபம் சிரித்தது.
ஏன் என்று கேட்டார் மெர்சி. அவர் சிரிக்கவில்லை.

"பழைய ஆறு கீழ படுத்திருக்கு.
ஆடியில கொள்ளிடத்துல புதுத்தண்ணி வந்தா
மூணாம் நாளு அந்த மண்ணு வேர்க்கும்.
மேல பாத்தா காஞ்ச வயலு.
கம்பிய எறக்கினா கொழகொழன்னு போவும்.
எலியே நம்பாத எடத்துல
நீங்க கால ஊணுறீங்க."

மண் பரிசோதனை சித்திரையில் எடுத்தது.
மெர்சி மேடம் என்னிடம் பென்சில் வாங்கினார்.
வரைபடத்தில் சின்னதாக ஒரு வட்டம்.
பென்சிலைத் திருப்பித் தரவில்லை.

அன்று ராத்திரி குறிப்பைத் தட்டச்சு செய்தேன்.
"மண் வேர்க்கும்" என்பதை அரசாங்கத் தமிழில் எப்படிச் சொல்வது?
நிலத்தடி ஈரப்பதம் பருவந்தோறும் மாறுபடும் என்று அடித்து
அழித்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.
அவள் சொன்னபடியே அடித்தேன். அதையும் அழித்தேன்.
சர்வே எண் இல்லாதவளை
எந்தக் கட்டத்தில் ஏற்றுவது?
தலைக்கு மேல் மின்விசிறி மூன்றில் ஓடியது.
ஆட்சேபணைகள் நான்கு, அனைத்தும் இழப்பீடு தொடர்பானவை.
கூட்டம் இனிதே நிறைவுற்றது.
சமோசா மிச்சமிருந்தது, வாசலில் நின்றவர்களுக்குக் கொடுத்தோம்.
அது குறிப்பில் வராது.

தை மாதம் திருத்திய வரைபடம் வந்தது.
பதினேழாம் கோபுரம் நூற்றுப்பத்து மீட்டர் தெற்கே.
காரணம்: தொழில்நுட்பம்.
நில வகை: புறம்போக்கு.
குடியிருப்பு: இல்லை.
அந்த இல்லைக்குள்
பதினோரு வீடுகள், ஒரு அடிபம்பு,
மஞ்சள் பூசிய கன்னிமார் கற்கள் ஏழு.

நோட்டீஸை நானே கொண்டு போனேன்.
கையெழுத்து வாங்கிவர வேண்டும்.
மகள் டார்ச் வெளிச்சத்தில் படித்துக் காட்டினாள்,
ஒருங்கிணைந்த மின்தொடரமைப்பு என்ற இடத்தில்
மட்டும் தடுக்கி.
அஞ்சலாட்சி வரைபடத்தைத் தரையில் போட்டு
திசைக்குத் திருப்பினாள்.
குதிகாலால் மண்ணை ஒருதரம் மிதித்தாள்.

"இது நல்ல மண்ணு சார்.
இங்க நிக்கும்.
வளையெல்லாம் இங்கதான இருக்கு."

கையெழுத்துப் போடப் பென்சில் கேட்டாள்.
என்னிடம் பேனாதான் இருந்தது.
'ட்'டில் கொஞ்ச நேரம் நின்று
பிறகு 'சி' போட்டாள்.